மாம்பழத்துக்கு யார் வைத்த மஞ்சள்?

போன மாதம் இந்தப் பகுதியில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "மாம்பழம் மஞ்சள் என்று யார் சொன்னது?" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கடிதங்கள் வந்து விழுந்துவிட்டன. முக்கால்வாசி நகரி, புத்தூர், திருத்தணி பக்கத்துக் கடிதங்கள். மாம்பழ ஊர்க்காரர்களிடம் போய் வாயைக் கொடுத்தால் இப்படித்தான். இந்த மாதம் முழுக்க நிறம்தான், வேறு பேச்சு இல்லை.

கே: என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளி ஓவியப் போட்டியில் தட்டில் மூன்று மாம்பழம் வைத்து வரையச் சொன்னார்கள். இவன் பழத்துக்கு அடியில் நீலத்தில் நிழல் போட்டு, ஸ்டீல் தட்டை ஊதாவாக்கி, மேஜைத் துணியை ரத்தச் சிவப்பில் அடித்திருக்கிறான். "கண்ணில் கோளாறா?" என்று கேட்டுப் படத்தை ஒதுக்கிவிட்டார்களாம். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு யார் மேல், மாஸ்டர்?
— ஒரு தாய், நகரி

ப: முதலில் பையனைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். மூன்றாவது மாம்பழத்தின் காம்புப் பக்கம் சரியாக வரவில்லை. தட்டின் விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அந்த நீல நிழல் தப்பே இல்லை. படத்தில் அவன் உற்றுப் பார்த்துப் போட்ட இடம் அதுதான்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒன்று செய்யுங்கள். சாயங்காலம் வெயில் மஞ்சளாகச் சாயும் நேரத்தில் திண்ணையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் ஒரு பங்கனப்பள்ளியை வையுங்கள். பழத்தின் நிழல் வேட்டியில் விழும் இடத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதலில் சாம்பலாகத்தான் தெரியும். பார்க்கப் பார்க்க நீலம் எழுந்து வரும். வெயில் படாத அந்த இடத்துக்கு வெளிச்சம் தருவது மேலே இருக்கிற வானம், அது ஒரு காரணம். இன்னொன்று கண்ணின் வேலை. பக்கத்தில் அவ்வளவு மஞ்சளை வைத்தால் கண் சும்மா இருக்காது, அதற்கு எதிர் நிறத்தைத் தானே எடுத்துக் கொடுக்கும். மஞ்சளுக்கு எதிரில் நிற்பது நீலமும் ஊதாவும்.

ஸ்டீல் தட்டுக்குச் சொந்த நிறம் ஏது? பக்கத்து வீட்டுச் சாம்பாரைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆள் அது. எதிரில் இருப்பதை எல்லாம் வாங்கிக் காட்டும். ஊதா வந்தால் ஆச்சரியம் இல்லை. மேஜைத் துணியின் உண்மையான நிறம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கூட மேஜை என்றால் பச்சையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைச் சிவப்பாக்கியது கண் இல்லை, பையனின் மனசு. அதே வேலையை 1908இல் பாரிஸில் ஒருவர் செய்தார். அவரைப் பற்றிக் கீழே வருகிறது.

படத்தை ஒதுக்கியவர்களையும் நான் திட்டப் போவதில்லை. அந்த நாற்காலியில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன் நான். கத்தரிக்காயின் பளபளப்பை இளஞ்சிவப்பில் போட்ட ஒரு பெண்ணுக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டிருக்கிறேன். பல வருஷம் கழித்து, சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பும்போது பார்த்தேன், எதிர்க் கடைக்காரி கட்டியிருந்த புடவை அதில் இளஞ்சிவப்பாக மின்னியது. அந்தப் பெண் யார் கட்டியிருந்த பாவாடையைப் பார்த்து வரைந்தாளோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நிறத்தின் பெயர்கூட உறுதியாக நிற்பதில்லை. தெலுங்கில் 'ஆக்குபச்ச' என்றால் பச்சை, 'பசுப்புபச்ச' என்றால் மஞ்சள். வெறும் 'பச்ச' என்றால் ஆளைப் பொறுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் "பச்சை எடு" என்றேன். தெலுங்கு வீட்டுப் பையன் ஒருவன் மஞ்சள் டப்பாவை எடுத்து நீட்டினான். அதட்டினேன். அவன் சொன்னதும் சரிதான் என்று சாயங்காலம் டீக்கடையில்தான் தெரிந்தது.

கே: ஸ்டில் லைஃபுக்குத் தமிழில் என்ன பெயர்?
— ஒரு மாணவி, பொதட்டூர்பேட்டை

ப: 'அசையாப் பொருள் ஓவியம்' என்று எழுதுகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் 'செத்த இயற்கை' என்கிறார்கள், அதற்கு இது எவ்வளவோ மேல். என் நைனா (அப்பா) வைத்த பெயர் 'சும்மா கிடக்கிற சாமான் படம்'.

கே: பாரிஸ்காரன் ஆப்பிளுக்கு என்ன கலர் அடித்தால் எனக்கென்ன? தறி ஓட்டுகிறவனுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?
— ஒரு நெசவாளர், சத்திரவாடா

ப: ஐயா, இந்தக் கதை தொடங்குவதே ஒரு சாயப்பட்டறையில்தான்.

பாரிஸில் கோப்லான் என்று அரசாங்கத்துக்குச் சொந்தமான நெசவுச்சாலை. சுவரில் மாட்டுகிற பெரிய சித்திரத் திரைகளை நெய்கிற இடம். அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக 1824இல் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் வந்தார். வந்ததும் அவர் காதில் விழுந்த புகார்களில் ஒன்று, "கருப்புச் சாயம் சரியில்லை, நீலத் துணியின் மடிப்பில் நிழலுக்குப் போட்டால் சோகையாகத் தெரிகிறது." மனிதர் வேறு பட்டறைகளின் கருப்புக் கம்பளி நூலை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. குற்றவாளி பக்கத்தில் இருந்த நீலம். நீலத்தைப் பார்க்கிற கண் அதன் எதிர் நிறமான ஆரஞ்சைப் பக்கத்துக் கருப்பின்மேல் பூசிவிடுகிறது. கருப்பு துருப்பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. இதைப் பத்து வருஷத்துக்கு மேல் நோண்டி 1839இல் பெரிய புத்தகமாகப் போட்டார். அவர் ஆயுசும் பெரியது, 1889இல் சாகும்போது வயது 102. அந்தப் புத்தகம் ஓவியர்கள் கைக்குப் போன பிறகு, நிறத்தைப் பற்றிய பேச்சே மாறிப்போனது.

எங்கள் வீட்டில் இதே வழக்கு நடந்தது. ஏகாம்பரகுப்பத்தில் நைனாவுக்கு இரண்டு தொட்டி வைத்த சின்னச் சாயப்பட்டறை. ஒருமுறை ஒரே நாளில், ஒரே தொட்டியில் முக்கிய சிவப்பு நூல். பாதி, பச்சை உடல் புடவைக்குக் கரையாகப் போனது. மீதி, ஆரஞ்சு உடல் புடவைக்கு. பச்சைப் புடவையின் கரை பற்றி எரிந்தது. ஆரஞ்சுப் புடவையின் கரை பழைய செங்கல் மாதிரி கிடந்தது. "சாயத்தில் தண்ணி காட்டிட்டே" என்று சொல்லி ஒரு கடைக்காரர் புடவைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நைனா சண்டைக்குப் போகவில்லை. இரண்டு கரையிலிருந்தும் ஒவ்வொரு இழை உருவி, வெள்ளைத் தாளில் ஒட்டி, "இதில் எது எதுன்னு சொல்லுங்க" என்று கொண்டுபோய் நீட்டினார். கடைக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் பணத்தில் பாதிதான் வந்தது. நைனாவுக்கு ஷெவ்ரல் பேரும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.

நீங்கள் மயில்கழுத்து நெய்திருப்பீர்கள். நீளவாட்டில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம். மூன்றாவதாக ஒரு நிறம் துணியில் ஆடுகிறதே, அது எந்தத் தொட்டியிலும் முக்கியதில்லை. சோரா, சின்யாக் என்ற ஓவியர்கள் புள்ளி புள்ளியாக நிறம் வைத்துத் தேடியதும் அதைத்தான். புள்ளியைவிடத் தறி நன்றாகச் செய்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அப்புறம் மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர். நிறத்தை அவிழ்த்துவிட்டவர் என்று உலகமே சொல்கிற ஆள். 1869இல் பிறந்தார். வளர்ந்த ஊர் வட பிரான்ஸில் போஆன் என்ற நெசவாளர் ஊர், பாரிஸ் சீமாட்டிகளுக்கு விலை உயர்ந்த துணி நெய்துகொடுத்த ஊர். அப்பா தானியமும் வீட்டுச் சாமானும் விற்ற கடைக்காரர். வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த மத்தீஸ் வயிற்று நோயில் படுத்துக் கிடந்தபோது அம்மா ஒரு வர்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். அதோடு வக்கீல் வேலை போயிற்று. கடைசி வரைக்கும் துணித்துண்டு சேர்க்கிற பைத்தியம் அவரை விடவில்லை. அவருடைய பழமும் ஜாடியும் வைத்த படங்களில் பாதி இடத்தைத் துணிதான் அடைத்துக்கொண்டு இருக்கும். உங்கள் ஜாதி ஆள் ஐயா அவர், தறி ஜாதி.

கே: எந்தக் கலரையும் எங்கே வேண்டுமானாலும் அடித்தால் அது மாடர்ன் ஆர்ட் ஆகிவிடுமா?
— ஒரு வாசகர், சோளிங்கர்

ப: ஆகாது. 1905இல் பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் மத்தீஸ், தெரேன் இவர்களின் படங்களைப் பார்த்த ஒரு விமர்சகர், அதே அறையில் இருந்த சாதுவான சிலையைக் காட்டி "காட்டு மிருகங்களுக்கு நடுவில் ஒரு தொனாத்தெல்லோ" என்று எழுதினார். தொனாத்தெல்லோ பழைய காலத்து இத்தாலியச் சிற்பி. 'காட்டு மிருகம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டால் கண்டபடி அடித்தவர்கள் என்றுதான் தோன்றும். நடந்ததைக் கேளுங்கள்.

ஷுகின் என்று மாஸ்கோவில் ஒரு ஜவுளி வியாபாரி. பாருங்கள், மறுபடியும் ஜவுளி. அவருடைய சாப்பாட்டு அறைக்காக மத்தீஸ் ஒரு பெரிய படம் தீட்டினார். கிட்டத்தட்ட ஆறடி உயரம், ஏழடிக்கு மேல் அகலம். மேஜை, பழங்கள், இரண்டு மதுக்குடுவை, பழத்தட்டை அடுக்குகிற ஒரு பெண், இடது மூலையில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பச்சைத் தோட்டம். முதலில் தீட்டியபோது சுவரும் மேஜைத் துணியும் நீலமும் பச்சையுமான நிறம். 'நீலத்தில் இசைவு' என்றுதான் பேச்சு. முடித்த படத்தைத் திரும்ப எடுத்து 1908இல் முழுக்கச் சிவப்பாக மாற்றிவிட்டார். வாங்கியவர் கேட்டு மாற்றவில்லை. இவருக்கே போதவில்லை.

ஏன் போதவில்லை? யோசித்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். ஜன்னலுக்கு வெளியே பச்சைத் தோட்டம். உள்ளேயும் நீலப்பச்சைச் சுவர் என்றால் வீடும் தோட்டமும் ஒரே தண்ணீரில் கரைந்த மாதிரி ஆகிவிடும். உள்ளே சிவப்பு வந்ததும் தோட்டம் சட்டென்று குளிர்கிறது, மேஜைமேல் உருண்டு கிடக்கிற மஞ்சள் பழங்கள் விளக்கு மாதிரி எரிகின்றன. அந்தச் சிவப்பு சுவருக்கும் துணிக்கும் நடுவில் கோடுகூட இல்லாமல் ஓடுகிறது. துணியில் இருக்கிற நீலக் கொடி சுவரில் ஏறிப் போகிறது. மேஜை எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். ஆனால் எனக்கு அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது. படத்தின் பெயர் இப்போது 'சிவப்பில் இசைவு', இருப்பது ரஷ்யாவில் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில்.

நான் அசலைப் பார்த்ததில்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் புத்தகத்தில் பார்த்ததுதான். மூன்று புத்தகத்தில் மூன்று சிவப்பாக இருந்தது. ஒன்று தக்காளி, ஒன்று குங்குமம், ஒன்று செம்பருத்தி. எது மத்தீஸின் சிவப்பு என்று இன்னும் எனக்குள் ஒரு வழக்கு ஓடுகிறது.

அதே 1908 டிசம்பரில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். எதிரில் ஒரு அலமாரி இருக்கிறது, அது எனக்கு நல்ல சிவப்பு உணர்வைத் தருகிறது, ஒரு சிவப்பை வைக்கிறேன், அப்போது அந்தச் சிவப்புக்கும் கேன்வாஸின் வெள்ளைக்கும் ஓர் உறவு உண்டாகிறது, பக்கத்தில் பச்சை வைத்தால் உறவு மாறுகிறது, ஒவ்வொன்றும் மற்றதை அடித்துவிடாமல் இருக்க நான் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். கல்யாண வீட்டில் ஒரு சம்பந்தியை உட்கார வைத்தால் இன்னொரு சம்பந்தியை எங்கே உட்கார வைப்பது என்று தவிப்போமே, அந்தத் தவிப்பு. கண்டபடி அடிக்கிறவனுக்கு அந்தத் தவிப்பு ஏது?

நிறம் பழத்திலிருந்து கழன்று வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. கழன்று வந்ததற்குப் பிறகு அதற்கு அதிக வேலை, அதிகப் பொறுப்பு. நான் பச்சை போட்டால் அது புல் இல்லை, நீலம் போட்டால் அது வானம் இல்லை என்று அவரே பிற்பாடு சொன்னார்.

கே: செசான் என்பவர் ஆப்பிளையே திரும்பத் திரும்ப வரைந்தாராமே. மாடலுக்கு ஆள் கிடைக்கவில்லையா?
— ஒரு கல்லூரி மாணவர், திருத்தணி

ப: கிடைத்தார்கள் தம்பி, ஓடிப்போனார்கள். படக் கடைக்காரர் வொல்லார் அவருக்கு 115 தடவை உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். தூங்கி விழுந்தபோது செசான் கத்தினாராம்: "ஆப்பிள் மாதிரி உட்காரச் சொன்னேனே, ஆப்பிள் அசையுமா?" அவர் வேலை செய்த வேகத்துக்குப் பூ வாடிவிடும், பழம் அழுகிவிடும். கடைசியில் காகிதப் பூவை வைத்துக்கூட வரைந்தார். ஆப்பிள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிற பழம். வெங்காயமும் வரைந்திருக்கிறார். அவர் நம் ஊரில் பிறந்திருந்தால் பங்கனப்பள்ளியை நம்பியிருக்க மாட்டார், கிளிமூக்கைத்தான் எடுத்திருப்பார்.

பிறந்தது 1839இல், தென் பிரான்ஸின் எக்ஸ் ஊரில். வீட்டுக்குப் பின்னால் தெரிகிற சேந்த் விக்துவார் மலையை ஆயுசு முழுக்கத் தீட்டியவர். நம் நகரி மூக்கு மலையைக் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, மழை விட்ட பிறகு ஒருமுறை பார்த்தவனுக்கு அந்தப் பைத்தியம் புரியும். நான் அரக்கோணம் ரயிலில் போகும்போதெல்லாம் ஒரே பக்க ஜன்னல் பிடிப்பேன்.

ஆப்பிளில் அவர் என்ன செய்தார்? அதுவரைக்கும் உருண்டையைக் காட்ட ஒரே வழிதான். ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கருப்பு, நடுவில் தேய்ப்பு. லோயர், ஹையர் ஓவியப் பரீட்சைக்கு இன்றும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம், நானும் கற்றுக்கொடுத்தேன். செசான் கருப்பைக் கேட்கவில்லை. நம்மைப் பார்த்து முட்டிக்கொண்டு வரும் இடத்தில் மஞ்சள், கொஞ்சம் திரும்பும் இடத்தில் ஆரஞ்சு, அதைத் தாண்டிச் சிவப்பு, விளிம்பு மறையும் இடத்தில் ஊதாவோ நீலமோ. சூடான நிறம் முன்னே வரும், குளிர்ந்த நிறம் பின்னே போகும். பக்கம் பக்கமாகச் செங்கல் அடுக்குகிற மாதிரி நிறத்தை அடுக்கியே பழத்தைக் கையில் பிடிக்கிற மாதிரி ஆக்கிவிடுவார். அழகாக வழவழப்பாக இருக்காது. ஆனால் அந்த ஆப்பிளைத் தட்டிலிருந்து எடுத்தால் தட்டு எடை குறையும் என்று தோன்றும்.

மேஜை சாய்ந்திருக்கிறது, பழம் உருண்டு விழாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விழாது. சிகாகோவில் இருக்கிற 'ஆப்பிள் கூடை' படத்தில் மேஜையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் ஒரே கோட்டில் சேரவே சேராது. நிறத்துக்கு எங்கே இடம் வேண்டுமோ அங்கே மேஜையை நகர்த்திக்கொள்வார். ஒரு ஆப்பிளை வைத்துப் பாரிஸைத் திகைக்க வைப்பேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1895இல் வொல்லார் தனிக்கண்காட்சி வைத்தபோது ஓவியர்கள் திகைத்தார்கள், ஊர் சிரித்தது. 1906இல் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் நினைவுக் கண்காட்சியில் 56 படங்கள். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே அதைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போய், மனைவிக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். பழத்தைப் பற்றிப் புருஷன் அத்தனை கடிதம் எழுதினால் நம் ஊர்ப் பெண்கள் என்ன பதில் போட்டிருப்பார்கள் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

கே: பிக்காசோ, பிராக் வரைந்த குடுவை, கிதார் படங்கள் எல்லாம் ஏன் சாக்குப்பை நிறத்தில் இருக்கின்றன?
— அதே மாணவர்

ப: 1910, 1911 வாக்கில் அவர்களுக்கு வடிவத்தைப் பிரித்துப் போடுவதுதான் கவலை. நிறம் குறுக்கே வந்து பேசினால் கணக்கு தப்பிவிடும் என்று வாயைக் கட்டிவைத்தார்கள். 1912இல் துணியும் காகிதமும் ஒட்ட ஆரம்பித்ததும் மெல்லத் திரும்பி வந்தது. எனக்கு அந்தச் சாக்குப்பைப் படங்கள்மேல் மரியாதை உண்டு, ஆசை இல்லை. பிக்காசோவுக்கே ஆசை எங்கே இருந்தது என்று பாருங்கள்: பிற்காலத்தில் மத்தீஸ் 1912இல் தீட்டிய ஆரஞ்சுக் கூடைப் படம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்.

கே: என் வீட்டு வரவேற்பறையில் வான்காவின் சூரியகாந்திப் பிரிண்ட் இருக்கிறது. மஞ்சள் ஓவியம் என்கிறார்கள், இதில் பல பூ பழுப்பாக இருக்கிறது. அச்சுப் பிழையா?
— ஒரு வாசகர், புத்தூர்

ப: கொஞ்சம் அச்சு, கொஞ்சம் காலம். 1888 ஆகஸ்டில் ஆர்ல் என்ற ஊரில், நண்பர் கோகான் வந்து தங்கப்போகிறார் என்று அவர் அறையை அலங்கரிக்க வரைந்தது. செசானுக்கு நேர் எதிர் ஆள் இவர். பூ சீக்கிரம் வாடுகிறது, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்தார். மஞ்சள் சுவர், மஞ்சள் மேஜை, மஞ்சள் ஜாடி, மஞ்சள் பூ. மஞ்சளுக்குமேல் மஞ்சள் போட்டு எதுவும் கரைந்துபோகாமல் நிற்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று மாம்பழ மஞ்சளில் எலுமிச்சை மஞ்சள் கரை வைத்துப் பார்த்த நெசவாளரைக் கேளுங்கள். கண்ணுக்கு எதிரில் இருப்பதை அப்படியே தீட்ட நான் முயலவில்லை, என்னை அழுத்தமாகச் சொல்ல நிறத்தை என் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பி தியோவுக்கு அவர் எழுதியதும் அந்த ஆகஸ்டில்தான்.

அவர் பயன்படுத்திய மஞ்சள் குரோம் மஞ்சள், ஈயமும் குரோமியமும் சேர்ந்தது. வெளிச்சம் பட்டுப் பட்டு அந்தக் குரோமியம் வேறு நிலைக்கு மாறி, சில வகை மஞ்சள் பழுப்பாகிறது என்று 2011இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மஞ்சளாவது பரவாயில்லை. சிவப்புதான் பரிதாபம். 1890இல் அவர் தீட்டிய ரோஜாக்கள் இன்று வெள்ளை ரோஜாக்களாக இருக்கின்றன. தீட்டியபோது அவை இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு இயோசின் என்ற சாயத்திலிருந்து செய்தது. நாம் பேப்பர் திருத்திய சிவப்பு மை இருக்கிறதே, அதன் குடும்பம். நைனாவிடம் காட்டியிருந்தால் முகர்ந்து பார்த்தே "வெயிலுக்கு நிக்காது" என்று சொல்லியிருப்பார். வான்காவுக்கும் தெரியாமல் இல்லை. இந்தப் புது நிறங்கள் நிலையில்லாதவை, அதனால் இன்னும் முரட்டுத்தனமாக, இன்னும் காட்டமாகப் போட வேண்டும், காலம் அதைத் தணித்துக்கொள்ளும் என்று 1888இலேயே எழுதியிருக்கிறார். காலம் ரொம்பவே தணித்துவிட்டது.

உடைந்த எலும்பைக் கட்ட உங்கள் புத்தூரில் ஆள் உண்டு. வெளுத்த நிறத்தைக் கட்ட எந்த ஊரிலும் ஆள் இல்லை. பிரிண்டை ஜன்னலுக்கு எதிரில் மாட்டாதீர்கள்.

கே: என் பேத்தி மாம்பழம் வரைந்தால் நிழல் பக்கம் அழுகின மாதிரி பச்சையாக வருகிறது. எந்த கம்பெனி கலர் வாங்கிக் கொடுக்கலாம்?
— ஒரு தாத்தா, கார்வேட்டிநகரம்

ப: கம்பெனியை மாற்ற வேண்டாம், கருப்பு டியூபை ஒளித்து வையுங்கள். மஞ்சளில் கருப்பைக் கலந்தால் இருட்டு மஞ்சள் வராது, பாசிப்பச்சைதான் வரும். ஒரு தட்டில் கலந்து பாருங்கள், முழுசாய்ப் பச்சை. குழந்தை செய்கிற தப்பு அதுதான், பெரியவர்களும் செய்கிறார்கள். மஞ்சளை இறக்க வேண்டுமென்றால் முதலில் ஆரஞ்சுக்குப் போகச் சொல்லுங்கள், அப்புறம் காவி, அதுக்கும் கீழே போக வேண்டுமென்றால் துளி ஊதா. துளி என்றால் பிரஷ் முனையில் ஒட்டுகிற அளவு.

இரண்டு மஞ்சள் (ஒன்று எலுமிச்சை, ஒன்று பங்கனப்பள்ளி), இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு வெள்ளை. ஏழு டியூப் போதும். பச்சை வேண்டாம், அவளே கலக்கட்டும். பெட்டியோடு வருகிற பச்சை நம் ஊர் மாவிலைக்கு ஒத்தே வராது.

பழத்தை வெள்ளைத் தாளில் வைக்காதீர்கள். முதல் நாள் பாட்டியின் கத்தரிப்பூ நிறப் புடவை ஒன்றை மடித்து அதன்மேல் வையுங்கள். மறுநாள் அதே பழத்தை அரக்கு நிறத் துணியில். மூன்றாம் நாள் வெங்காயத்தோல் நிறத்தில். பழத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள், துணியைப் பிறகு பார்க்கலாம். மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்தால் மூன்றிலும் ஒரே மஞ்சள் இருக்காது, குழந்தைக்கே ஆச்சரியமாக இருக்கும். புடவை எடுப்பதற்கு முன்னால் பாட்டியைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் எடுத்து ஒரு நாள் ஊதாவில் மஞ்சள் சொட்டிவிட்டது, அந்தக் கதையை வேறொரு மாதம் சொல்கிறேன்.

இந்தப் பதிலுக்காக நானும் போன வாரம் ஒரு பழம் வைத்து ஆரம்பித்தேன். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் விளிம்பில் அந்த நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, "மாமா, இன்னிக்கு வெட்டலைன்னா நாளைக்குத் தேறாது" என்றாள். ருசி நன்றாகத்தான் இருந்தது. படத்தில் தட்டும் துணியும் முடிந்துவிட்டன, நடுவில் பாதி மாம்பழம் நிற்கிறது.